பூட்டில்லாத பெரிய கதவு

அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி வீடுகளின் மிகப் பெரிய கதவு வாசற்கதவல்ல, கராஜ் கதவு. ஒரு கார் நுழையும் கதவு எட்டு அல்லது ஒன்பது அடி அகலம் இருக்கும். இரண்டு கார் நுழைவது பதினாறு அடி. உயரம் பெரும்பாலும் ஏழடி. பல வீடுகளில் தெருவைப் பார்த்த சுவரில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும். வாசற்கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, அழைப்பு மணியில் கேமராவும் வைத்த வீட்டிலேயே கராஜ் கதவுக்குப் பூட்டு என்று ஒன்று இருக்காது. ராத்திரி முழுக்க அதை மூடிவைத்திருப்பது கூரையில் தொங்கும் மோட்டாரும் அதோடு கதவை இணைக்கும் ஓர் இரும்புக் கையும்தான். திறப்பதற்கென்று செய்த பொறி பூட்டின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. கராஜ் கதவின் பலவீனங்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டிலிருந்தே வருகின்றன.

மேலே எழும்பிக் கூரையோடு படியும் கதவை 1921-ல் டெட்ராய்ட்டில் உருவாக்கியவர் சி. ஜி. ஜான்சன். அதைத் தூக்க மின்மோட்டார் வைத்ததும் அவரே, 1926-ல். நூறு ஆண்டுகளில் பொருள்கள் மாறியிருக்கின்றன, அமைப்பு அவ்வளவாக மாறவில்லை. மெல்லிய எஃகுத் தகட்டாலான நான்கைந்து நீளப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீல்களால் கோக்கப்பட்டிருக்கும். பலகைகளின் இரு ஓரங்களிலும் சின்னச் சக்கரங்கள் உண்டு. சுவரோரமாக ஏறிக் கூரையடியில் வளையும் தடத்தில் அவை ஓடும். கதவுக்கு மேலே ஒரு தண்டில் முறுக்கி ஏற்றிய கனத்த ஸ்பிரிங் இருக்கும். கதவின் எடையைச் சுமப்பது அதுதான். இரண்டு கார் கதவு எழுபது எண்பது கிலோ கனத்தாலும், ஸ்பிரிங் சரியாக இருந்தால் ஒரு கையால் தூக்கிவிடலாம்.

ஆகவே மோட்டாருக்கு அதிக வேலையில்லை. கூரையின் நடுவில் தொங்கும் பெட்டியிலிருந்து கதவின் தலைப்பக்கம் வரை ஒரு நீண்ட உலோகச் சட்டம் போகும். சங்கிலியோ பெல்ட்டோ இழுக்க, அந்தச் சட்டத்தின் மேல் ஒரு சிறு வண்டி முன்னும் பின்னும் நகரும். வண்டியையும் கதவையும் ஒரு வளைந்த இரும்புக் கை இணைக்கும். வெளியிலிருந்து யாரேனும் கதவைத் தூக்கப் பார்த்தால் தடுப்பது இந்தக் கையும் வண்டியும் மோட்டாரின் பற்சக்கரமும் மட்டுமே.

வண்டியில் ஒரு கொக்கி இருக்கிறது. அதிலிருந்து சிவப்புக் கைப்பிடியோடு ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் கதவு மோட்டாரின் பிடியிலிருந்து கழன்றுவிடும். பிறகு கையால் ஏற்றி இறக்கலாம். மின்சாரம் போனாலோ கதவுக்கடியில் யாராவது மாட்டிக்கொண்டாலோ உதவுவதற்காக வைத்தது இது. கைப்பிடி சிவப்பாக இருக்க வேண்டும், ஆள் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் தொங்க வேண்டும் என்று யூஎல் 325 என்ற அமெரிக்கத் தரவிதி சொல்கிறது. இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. தானாக இறங்கும் கதவின் கீழ் சிக்கிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களுக்குப் பிறகே அமெரிக்க நாடாளுமன்றம் 1990-ல் சட்டம் இயற்றியது. 1993 ஜனவரி 1 முதல் தயாரான மோட்டார்கள், தடங்கல் பட்டால் கதவைத் திரும்ப மேலேற்ற வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. கதவின் இருபுறமும் தரையோரமாக மினுங்கும் சென்சார் விளக்குகள் அப்போது பரவியவை. 2017 அக்டோபரில் வட கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ ஊர்களுக்குள் புகுந்தபோது, மின்சாரம் போய்க் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உள்ளேயே சிக்கினார்கள். அதன் விளைவாக, 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் விற்கப்படும் ஒவ்வொரு கராஜ் மோட்டாரிலும் பேட்டரி இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது.

திருடனுக்கு வழி விடுவதும் அதே சிவப்புக் கயிறுதான். கதவின் மேல் விளிம்புக்கும் நிலைக்கும் நடுவே ரப்பர் பட்டை மூடிய மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. தகட்டுக் கதவு அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும். அந்த இடத்தில் ஓர் ஆப்பைச் செருகி, துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் கொக்கியைப் பிடித்து இழுத்தால் போதும், மோட்டாரின் பிடி விட்டுப்போகும். கதவில் கண்ணாடி ஜன்னல் இருந்துவிட்டால் கம்பி எங்கே போகிறது என்பதையும் பார்த்துக்கொண்டே செய்யலாம். சத்தம் கேட்காது, உடைசலும் இருக்காது. போகும்போது கதவை இறக்கிவிட்டுப் போனால், வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிவதே தாமதமாகும். ஆறே விநாடியில் முடியும் வேலை இது என்று காட்டும் வீடியோக்கள் பல ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. பழகிய கைக்குத் தோதான கதவு கிடைத்தால் அது பொய்யல்ல.

இதற்கு ஒரு கைவைத்தியம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கொக்கியில் உள்ள துளையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கோத்து இறுக்கிவிடுவது. கம்பியால் இலேசாக இழுத்தால் கொக்கி அசையாது, உள்ளிருந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் டை அறுந்து கதவு கழலும் என்பது கணக்கு. எந்தக் கனத்து டை, இழுப்பவருக்கு எவ்வளவு பலம் என்பதைப் பொறுத்த கணக்கு இது. புகை சூழ்ந்த அறையில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் இழுக்கும்போது டை அறுபடாமல் போனால், திருட்டைத் தடுக்க வைத்தது உயிருக்கு வினையாகிவிடும். கயிற்றையே வெட்டி எடுத்துவிடுவது இதைவிட மோசம்.

கயிற்றில் கைவைக்காமல் கொக்கியை மட்டும் மறைப்பதே நல்ல வழி. வண்டியின் மேல், கதவுப் பக்கமாக மாட்டும் சிறு தடுப்புத் தகடுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. மேலிடுக்கு வழியே வரும் கம்பி தகட்டில் முட்டி நிற்கும்; கீழே தொங்கும் கயிறு எப்போதும்போல் வேலை செய்யும். கதவின் உச்சிப் பலகைக்குக் குறுக்கே ஓர் எஃகுச் சட்டத்தைப் பொருத்தினால் அந்தப் பலகை எளிதில் வளையாது. மேல் ரப்பர் பட்டை காய்ந்து சுருங்கியிருந்தால் மாற்றிவிட வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் பனிமூட்டம் போன்ற ஒட்டுத்தாளை ஒட்டினால் வெளிச்சம் வரும், பார்வை வராது. உள்ளே கார் இருக்கிறதா, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று தெருவிலிருந்து நோட்டம் பார்ப்பதும் இதோடு நின்றுபோகும். செலவில் மிகக் குறைந்தது இந்த ஒட்டுத்தாள்தான்.

மோட்டாரையே மாற்றுகிறவர்கள் சுவரில் பொருத்தும் வகையை யோசிக்கலாம். அது கூரையில் தொங்காது. கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு இருந்து ஸ்பிரிங் தண்டை நேரடியாகச் சுழற்றும். நடுச் சட்டமும் வண்டியும் அதில் இல்லை, ஆகவே மேலிடுக்கு வழியே பிடிக்கக் கொக்கியும் இல்லை. அவசரக் கயிறு ஓரத்தில் மோட்டாரின் அடியில் இருக்கும். இந்த வகையில் சிலவற்றோடு தானியங்கித் தாழ்ப்பாளும் வருகிறது. கதவு மூடியதும் ஒரு இரும்புத் தண்டு தடத்துக்குள் நீண்டு சக்கரத்தை மறிக்கும், திறக்கும் முன் தானே உள்வாங்கிக்கொள்ளும். மோட்டார் மோட்டாராகவும் பூட்டு பூட்டாகவும் தனித்தனியே இருக்கும் அமைப்பு இது.

கயிற்றுக்கு அடுத்த வாசல் காற்றில் இருக்கிறது. ரிமோட்டின் பொத்தானை அழுத்தினால் ஒரு ரேடியோச் சங்கேதம் கிளம்பும். அமெரிக்காவில் இது பெரும்பாலும் 300-லிருந்து 390 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓடும். பழைய ரிமோட்டைத் திறந்தால் உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டி ஸ்விட்சுகள் இருக்கும். எதை மேலே தள்ளுவது, எதைக் கீழே விடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்து, மோட்டார் பெட்டியிலும் அப்படியே வைத்துவிடுவார். சாவி அவ்வளவுதான். எட்டு ஸ்விட்ச் இருந்தால் 256 சேர்க்கைகள், பன்னிரண்டு இருந்தால் 4,096. ஒரே சங்கேதம் வருடக்கணக்காக மாறாமல் போய்க்கொண்டிருப்பதால், ஒரு முறை பக்கத்திலிருந்து பதிவு செய்தவருக்கு அது எப்போதும் திறக்கும் சாவியாகிவிடும்.

பதிவு செய்யக்கூடத் தேவையில்லை என்று 2015 ஜூனில் காட்டினார் சாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர். மேட்டல் நிறுவனம் சிறுமிகளுக்காக விற்று, பிறகு நிறுத்திவிட்ட ஐஎம்-மீ என்ற இளஞ்சிவப்புக் குறுஞ்செய்திப் பொம்மை அவர் கையில் கிடைத்தது. அதன் உள்ளே நல்ல ரேடியோச் சில்லு ஒன்று இருந்தது. சாத்தியமான எல்லாச் சங்கேதங்களையும் வழக்கமான முறையில் ஒவ்வொன்றாக அனுப்பினால் அரைமணி நேரம் பிடிக்கும். கம்காரின் பொம்மை அதை எட்டு விநாடிச் சொச்சத்தில் முடித்தது. ஒரு சங்கேதம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பழைய மோட்டார்கள் பார்ப்பதில்லை. கடைசியாக வந்த பன்னிரண்டு எண்கள் பொருந்தினால் திறந்துவிடும். ஆகவே ஒரு சங்கேதத்தின் வால் அடுத்ததன் தலையாகும்படி எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோத்து அனுப்பலாம்.

நிக்கோலாஸ் டி புரூயின் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1946-ல் ஆராய்ந்து எழுதியதால் இத்தகைய சரத்துக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. சமஸ்கிருத யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. குறில், நெடில் சேர்க்கைகளான மூன்று எழுத்துக் கணங்கள் எட்டையும் நினைவில் வைக்க அவர்கள் 'யமாதாராஜபானஸலகாம்' என்று சொல்வார்கள். யமாதா என்றால் குறில், நெடில், நெடில். ஓரெழுத்துத் தள்ளி மாதாரா என்றால் மூன்றும் நெடில். இப்படியே நகர்ந்தால், தனித்தனியே எழுத இருபத்துநான்கு எழுத்து வேண்டிய எட்டுக் கணங்களும் பத்தே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. கம்காரின் பொம்மை செய்ததும் இதைத்தான். அவர் வெளியிட்ட நிரலில் வேண்டுமென்றே ஒரு பகுதியைச் செயல்படாமல் வைத்தார், அப்படியே எடுத்துத் திருடப் பயன்படுத்திவிடக் கூடாது என்று.

தமிழ்நாட்டில் கராஜ் என்று தனி அறை உள்ள வீடு குறைவு. கார் போர்டிகோவில் நிற்கும், இல்லாவிட்டால் அடுக்குமாடியின் தூண்களுக்கு நடுவே நிற்கும். ஆனால் ரிமோட்டில் நகரும் கேட்டும் மோட்டார் வைத்த ஷட்டரும் இங்கேயும் வந்துவிட்டன. அவற்றோடு வரும் மலிவான ரிமோட்களில் பல 433 மெகாஹெர்ட்ஸில் மாறாத சங்கேதத்தை அனுப்புகிறவை. அசல் ரிமோட்டைப் பக்கத்தில் வைத்து அழுத்தினால் சங்கேதத்தைப் படித்துக்கொள்ளும் காப்பி ரிமோட்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கேட் மோட்டார் வாங்கும்போது மாறும் சங்கேதம் (ரோலிங் கோடு) உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது. எந்த ரிமோட்டாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் காப்பி போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் உற்சாகமாகச் சொன்னால், பெரும்பாலும் அதுவே பதில்.

ரோலிங் கோடு என்பது ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும் சங்கேதம். ரிமோட்டிலும் மோட்டாரிலும் ஒரே ரகசிய எண்ணும் ஒரே கணக்கு வரிசையும் இருக்கும். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வரிசை ஓரிடம் நகர்ந்து, புதுச் சங்கேதம் போகும். பயன்படுத்திய சங்கேதத்தை மோட்டார் மறுபடி ஏற்காது. குழந்தை விளையாட்டாகப் பொத்தானைப் பத்துத் தடவை அழுத்திவிட்டாலும் கதவு திறக்க மறுக்காமல் இருக்க, வரிசையில் அடுத்து வரக்கூடிய சில சங்கேதங்களையும் ஏற்கும்படி வைத்திருப்பார்கள். 1990-களின் நடுவில் இந்த முறை அமெரிக்கக் கராஜ்களில் பரவியது. மாறும் சங்கேதங்களில் பெயர்பெற்ற கீலாக் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1995-ல் மைக்ரோசிப் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது.

இதிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. 2008-ல் ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சில்லு செலவழிக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே கீலாக்கின் ரகசியச் சாவியைக் கறந்து காட்டினார்கள். 2015 ஆகஸ்டில் கம்கார் மறுபடி வந்தார், இந்தத் தடவை ரோல்ஜாம் என்ற கருவியோடு. வீட்டுக்காரர் அழுத்தும் முதல் சங்கேதம் மோட்டாரை எட்டாமல் அந்தக் கருவி அலையைக் குழப்பி, தான் மட்டும் பதிவு செய்துகொள்ளும். கதவு திறக்கவில்லையே என்று அவர் இரண்டாம் முறை அழுத்துவார். அதையும் பிடித்து வைத்துக்கொண்டு முதலாவதை அனுப்பிக் கதவைத் திறந்துவிடும். இரண்டாவது, இன்னும் செலவாகாத சாவியாகக் கருவியிடம் தங்கிவிடும். மாறும் சங்கேதம் நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது. சேம்பர்லேன் மோட்டார்களைத் திறக்கும் ரிமோட்டை ஸ்கைலிங்க் என்ற வேறொரு நிறுவனம் விற்றதற்கு எதிரான வழக்கில், 2004-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்கைலிங்க் பக்கமே தீர்ப்புச் சொன்னது. காசு கொடுத்து வாங்கிய கதவைத் தனக்குப் பிடித்த ரிமோட்டால் திறப்பது வீட்டுக்காரரின் உரிமையில் அடங்கும் என்பது அதன் சாரம்.

இவற்றைப் படித்துப் பயந்துபோக வேண்டியதில்லை. ரோல்ஜாம் வேலைக்குக் கருவி வேண்டும், வீட்டுக்காரர் வரும் நேரத்தில் பக்கத்திலேயே காத்திருக்கவும் வேண்டும். வீட்டுத் திருடன் அவ்வளவு மெனக்கெடுவது அபூர்வம். நடைமுறையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ரிமோட்டின் உள்ளே ஸ்விட்ச் வரிசை இருந்தால் அந்த மோட்டாரின் காலம் முடிந்துவிட்டது. மோட்டாரை மாற்ற வேண்டும், அல்லது மாறும் சங்கேதத்தில் இயங்கும் தனி ரிசீவரை அதோடு இணைத்துப் பழைய ரிசீவரைத் துண்டிக்க வேண்டும். சேம்பர்லேன், லிஃப்ட்மாஸ்டர் மோட்டார்களில் ரிமோட்டைப் பதிவு செய்யும் பொத்தான் மஞ்சளாக இருந்தால் அது 2011-லும் அதற்குப் பிறகும் வந்த தலைமுறை, கவலையில்லை.

பழைய வீட்டை விலைக்கு வாங்கியவர்கள் குடியேறும் நாளிலேயே அந்தப் பொத்தானைத் தேடுவது உத்தமம். வாசல் பூட்டை மாற்றத் தோன்றுகிறவர்களுக்கும் மோட்டாரின் நினைவகத்தில் பழைய குடும்பத்தின் ரிமோட்கள், பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைத்தது, பெயின்டரிடம் கொடுத்து வாங்க மறந்தது என எல்லாமே பதிவாகியிருக்கும் என்பது தோன்றுவதில்லை. பல மாடல்களில் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எல்லாப் பதிவும் அழிந்துவிடும். பிறகு தம்முடைய ரிமோட்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். வெளிச்சுவரில் எண்பலகை இருந்தால் அதன் எண்ணையும் மாற்ற வேண்டும். நான்கு எண்களுக்குப் பத்தாயிரம் சேர்க்கைகள் உண்டென்றாலும், நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளத்தால் மிஞ்சுவது இருபத்துநான்கே.

ரிமோட் இருக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலும் அது காரின் சன் வைசரில் செருகியிருக்கும். கார் வீட்டு முன்னால் வெளியே நிற்கும். கார்க் கண்ணாடியை உடைப்பவனுக்கு வீட்டுச் சாவியும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. வேறெங்காவது நிறுத்தியிருந்த காராக இருந்தால், முன்பெட்டியில் உள்ள பதிவுச் சான்றில் வீட்டு முகவரியும் இருக்கும். சாவிக்கொத்தில் தொங்கும் சிறு ரிமோட்டை வாங்கிக்கொண்டு, வைசர் ரிமோட்டைக் கைவிடுவது எளிய வழி. காருக்குள்ளேயே பொத்தான் பதித்து வரும் மாடல்களில், காரை விற்கும்போதும் நீண்டநாள் பணிமனையில் விடும்போதும் அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும்.

கைபேசியில் திறக்கும் கராஜ்களுக்கு நன்மையும் உண்டு, புதுத் தலைவலியும் உண்டு. கதவு திறந்து கிடக்கிறது என்று அலுவலகத்தில் இருக்கும்போதே சொல்லும், அங்கிருந்தே மூடவும் விடும். ஆளில்லாமல் மூடும்போது மணி அடித்து விளக்கு மினுக்கி எச்சரிக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் சாவி இப்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமை, நெக்ஸ் என்ற நிறுவனத்தின் கராஜ் கருவிகள் பற்றி எச்சரிக்கை விடுத்தது. எல்லாக் கருவிகளும் சர்வரோடு பேச ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தின. அது தெரிந்தவர் யார் வீட்டுக் கதவையும் எங்கிருந்தும் திறக்கலாம். அதைக் கண்டுபிடித்த ஆய்வாளரின் கணக்குப்படி பாதிக்கப்பட்ட கருவிகள் 40,000-க்கும் மேல். இத்தகைய கருவியை வாங்குமுன் நிறுவனம் மென்பொருளைத் தொடர்ந்து புதுப்பிக்கிறதா என்று பார்ப்பதும், கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லோடு ஓடிபி சரிபார்ப்பும் வைப்பதும் அவசியம்.

இத்தனை நுட்பங்களுக்கும் அப்பால், திருடனுக்குப் பிடித்த கராஜ் கதவு திறந்து கிடக்கும் கதவுதான். ஃப்ளோரிடாவின் பாஸ்கோ கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்குச் சமூக வலைத்தளத்தில் ஒரு நினைவூட்டல் போடத் தொடங்கி, அது மற்ற ஊர்க் காவல்துறைகளுக்கும் பரவியது. காரைப் பூட்டினீர்களா, உள்ளிருந்த பொருளை எடுத்தீர்களா, கராஜ் கதவை மூடினீர்களா என்பதுதான் செய்தி. காவல்துறையே தினமும் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், எவ்வளவு பேர் மறக்கிறார்கள் என்பது புரியும். குறிப்பிட்ட நிமிடம் திறந்திருந்தால் தானே மூடும் டைமர் பல மோட்டார்களில் இருக்கிறது, போட்டுவைப்பவர்கள்தாம் குறைவு.

வெளியூர் போகும் நாள்களுக்குப் பழைய முறையே போதும். கதவின் உட்புறத்தில் தள்ளுதாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தி, அதன் தண்டு தடத்தின் துளைக்குள் நுழையும்படி செய்தால் வெளியிலிருந்து எந்த ரேடியோவும் கம்பியும் கதவை அசைக்காது. அகலமான கதவுக்கு இருபுறமும் வைப்பது நல்லது. தாழ்ப்பாளைப் போட்ட பிறகு மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மறந்து ரிமோட்டை அழுத்தினால், தாழ் விடாது, மோட்டாரும் விடாது; நடுவில் மாட்டிக்கொண்டு உச்சிப் பலகை வளைந்துபோகும். வீட்டில் இருக்கும் இரவுகளுக்குச் சுவர்ப் பலகையில் உள்ள 'லாக்' பொத்தான் போதும், அதை அழுத்தினால் வெளி ரிமோட் எதற்கும் மோட்டார் அசையாது. இந்த வேலைகளை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம். ஸ்பிரிங்கையும், கீழ்ப்பலகையின் மூலையில் அதன் கம்பிவடம் மாட்டிய இரும்புப் பிடியையும் மட்டும் தொடக் கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கையை முறித்துவிடும்.

கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவைப் பற்றி இதுவரை பேசவில்லை. பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் உண்மையில் அதுதான். பெரிய கதவு என்ன செய்தாலும் மெல்லிய தகடுதான். அதற்குள் நுழைந்தவனை நிறுத்துவது இந்தக் கதவு மட்டுமே. உள்ளே வந்தவனுக்குத் தெருப் பார்வையிலிருந்து மறைவு கிடைக்கும், சுவரில் மாட்டியிருக்கும் சுத்தியலும் கடப்பாரையும் கிடைக்கும், அவசரமும் இருக்காது. அப்படியிருந்தும் பெரிய கதவை நம்பிப் பல வீடுகளில் இதைப் பூட்டுவதே இல்லை. இந்தக் கதவு பலமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு ஏற்கெனவே சொல்கிறது, ஆனால் திருடனை நினைத்து அல்ல. கார் நிற்கும் இடத்தில் தீப்பிடித்தால் வீட்டுக்குள் பரவக் கூடாதே என்று, சுமார் 35 மில்லிமீட்டர் கனமுள்ள திடமான மரக்கதவோ 20 நிமிடம் தீயைத் தாங்கும் கதவோ இருக்க வேண்டும், கராஜிலிருந்து நேராகப் படுக்கையறைக்குள் வாசல் வைக்கக் கூடாது என்கிறது. தீக்காக வைத்த கனம் திருடனுக்கும் உதவுகிறது.

குறையாக இருப்பது பெரும்பாலும் பூட்டும் நிலையும். சாவி திருப்பினால் ஓர் அங்குல நாக்கு நீளும் டெட்போல்ட் பூட்டு வேண்டும், உள்ளிருந்து திருகு கைப்பிடியால் திறக்கும் வகையில். அந்த நாக்கு நுழையும் தகடு அரை அங்குல ஸ்குரூவில் நின்றால் ஒரே உதையில் நிலையின் மரம் பிளந்துவிடும். மூன்று அங்குல ஸ்குரூக்களைப் போட்டு, நிலையைத் தாண்டிச் சுவரின் உள்சட்டம் வரை இறக்கினால் பிடிமானமே வேறு. கீல்களிலும் ஒவ்வொரு ஸ்குரூவை அப்படி மாற்றிவிடலாம். கராஜின் பக்கச்சுவரில் ஆள் போய்வரும் சிறு கதவு இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். தோட்டப் பக்கம் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் கதவு அது.

தகடு, தாழ்ப்பாள், சட்டம் என்று எதைப் பொருத்தினாலும் முடிவில் கதவைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். கதவை மூடி, சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பாதி உயரத்தில் விட்டால் கதவு அங்கேயே நிற்க வேண்டும். சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் பத்தாயிரம் ஏற்ற இறக்கங்கள், தினம் நான்கு முறை திறக்கும் வீட்டில் ஏழாண்டு தாங்காது. பிறகு மோட்டாரை இணைத்து, ஒன்றரை அங்குல உயரமுள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்கப்போட்டுக் கதவை இறக்க வேண்டும். கட்டையைத் தொட்ட இரண்டு விநாடிக்குள் கதவு திரும்ப மேலேற வேண்டும். ஏறாவிட்டால் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளை வரவழைக்க வேண்டும். சரியாகும்வரை கதவைக் கையால் ஏற்றி இறக்கி, உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளலாம்.